கல்லறைமேல் காய்ந்த மடவை

பழவேற்காட்டில் உலாந்தாக்காரர் என்ற டச்சுக்காரரின் கொடி பறந்த காலம். பசியாவரத்துத் தீவிலிருந்து கடற்கரைக் குப்பத்துக்கு ரங்கம்மாள் வாழ்க்கைப்பட்டு வந்தாள். புருஷன் நீலமேகத்துக்கு வலை இருந்தது, அண்ணனோடு பாதிப் படகு இருந்தது. மீன் காயப்போடத்தான் இடம் இல்லை. குப்பத்துப் பெரியவர்கள் கரையை வீட்டுக்கு இவ்வளவு என்று அளந்து விட்டிருந்தார்கள். அண்ணன் தம்பிக்குச் சேர்த்து அளந்த துண்டு முழுவதிலும் ஓரகத்தி தேவகி தன் மீனையே பரப்பிவிடுவாள்.

"அக்கா, ஓரமா ஒரு பாய் அகலம் உடேன்."

"உங்க தீவுல போய்க் காயவையேன்டி" என்பாள் தேவகி. மற்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

ரங்கம்மாள் அழமாட்டாள், கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுவாள். ஐப்பசி மழையில் படகு இறங்காது. கருவாட்டைக் காட்டூருக்குச் சுமந்துபோய் நெல்லாக மாற்றிவந்தால்தான் அடுப்பு எரியும். கருவாடு இல்லாத வீட்டுக்காரியைக் குப்பத்தில் யாரும் ஓர் ஆளாகவே மதிப்பதில்லை.

ஒருநாள் உலாந்தாக்காரர் கோட்டைக்கு மீன் கொடுத்துவிட்டு உச்சிவெயிலில் திரும்பியவள், கால் சுட்டதால் அவர்களுடைய கல்லறைத் தோட்டத்து வாசல் நிழலில் ஒதுங்கினாள். ஊரே சுற்றிக்கொண்டு போகும் இடம் அது. வாசல் தூண்களில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நின்றன. உச்சிவேளையில் அவை இறங்கி நடக்கும், பார்த்தவன் ரத்தம் கக்கிச் சாவான் என்று பேச்சு. உள்ளே பெருக்குவதற்கென்று கோட்டைக்காரர்கள் வேலைக்கு வைத்திருந்த அங்கமுத்துகூட வாசலுக்கு வெளியே பெருக்கிவிட்டுப் போய்விடுவான்.

ரங்கம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். ஓர் எலும்புக்கூட்டின் கையில் இடுப்புச் சிறுத்த சாமான் ஒன்று இருந்தது. உலாந்தாக்காரர் செதுக்கியது மணல் கடிகாரம். ரங்கம்மாள் கடிகாரத்தை எங்கே கண்டாள்? அவள் கண்ணுக்கு அது சுத்தமான அம்மன் உடுக்கை.

"அட, நம்ம அங்காளம்மா ஆளுங்க!"

மாசி மாதம் அம்மன் சுடுகாட்டுக்கு ஆடிப்போகும்போது கூடவே சுண்டலும் கொழுக்கட்டையும் எடுத்துக்கொண்டு போகிற வம்சம் அவளுடையது. பயம் எங்கிருந்து வரும்? சொந்தக்காரரைக் கண்ட சந்தோஷத்தில் தன் நெற்றிக் குங்குமத்தைத் தொட்டு இரண்டு கூடுகளுக்கும் வைத்தாள். பிறகுதான் உள்ளே எட்டிப் பார்த்தாள். பாய் அகலத்தில், பூவும் எழுத்தும் செதுக்கி, வழவழவென்று, வெயிலில் காய்ந்துகொண்டு எத்தனை கற்கள்!

நேராக அங்கமுத்துவிடம் போனாள். "அண்ணே, உள்ள நான் பெருக்குறேன். நீ வெளியவே நில்லு. கல்லு மேல நாலு மீனு காயட்டும்."

"ரத்தம் கக்குனா என்னைக் கேக்கக் கூடாது" என்றான் அவன்.

கல்லறைகள் பளிச்சென்று ஆனதைக் கண்டு கோட்டையில் அவனுக்குப் புதுத் தலைப்பாகை கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவன் வாயைத் திறப்பானா? "மீனை எங்கம்மே காயவைக்கிற?" என்று நீலமேகம் கேட்டதற்கு, "வெயில்லதான்" என்றாள் ரங்கம்மாள்.

ஐப்பசியில் ஓரகத்திகள் இருவரும் கூடை சுமந்து காட்டூருக்குப் போனார்கள். பொன்னியம்மாள் என்ற, நெல் விளைக்கும் சம்சாரி வீட்டு அம்மாள் இரண்டு கூடையிலும் ஒரு துண்டு கிள்ளி மென்று பார்த்தாள். தேவகியுடையதைத் துப்பினாள்.

"உன்னுது ஒரே மண்ணா கீது. இதுல பல்லுல ஒரு பொடி மண்ணு படல." ரங்கம்மாளின் மடவை மீனைத் திருப்பியவள் அசந்துபோனாள். "இன்னாடி இது, மீன் முதுகுல கோலம் போட்டுக்கீது?"

பூவும் கொடியுமாக, புரியாத எழுத்துமாக, கல்லறைச் செதுக்கல் அப்படியே அதில் பதிந்திருந்தது. பிணத்தின்மேல் காய்ந்தது என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், இனி ரங்கம்மாளின் கருவாட்டை நாய்கூடத் தொடாது. அது கல்லறை எழுத்து என்று தேவகிக்குப் புரிந்துவிட்டது. அவள் ரங்கம்மாளைப் பார்த்தாள், தன் கூடையைப் பார்த்தாள்.

"அது எங்க குடும்பத்துக் கைவேலைம்மா" என்றாள் தேவகி. "அடுத்த தடவை என் மீனுலயும் இருக்கும்."



மழை விட்டுப் படகு இறங்கிய மறுநாள், ரங்கம்மாள் உள்ளே மீன் பரப்பிக்கொண்டிருக்க, தேவகி கல்லறை வாசலில் கூடையோடு நின்றாள், பின்னால் அவள் கூட்டிவந்த குப்பத்துப் பெண்கள் ஆறு பேர். கரை மணல் ஊறிக் கிடந்தது. கூடைகளில் மீன் நாறத் தொடங்கியிருந்தது. தேவகியிடம் கேட்பதற்கென்றே ரங்கம்மாள் ஒன்றரை வருஷமாகப் பத்துப் பன்னிரண்டு கேள்வி சேர்த்து வைத்திருந்தாள். ஆனால் நல்ல மீன் கண்ணெதிரே கெடுவதைப் பார்க்க அவளால் ஆகாது.

"அந்தப் பெரிய கல்லு காலியாத்தான் கீது, வாக்கா."

"இதுங்க கடிக்காதுல்ல?" என்று தேவகி தூணைக் காட்டினாள்.

"குங்குமம் வச்சிக்கீறேன் பாரு. நம்ம ஆளுங்கதான்."

ஏழு பேரும் கண்ணை மூடி, ஒருத்தி முந்தானையை ஒருத்தி பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். முதலில் வந்த தேவகி கல் தடுக்கி, கூடையோடு யாரோ ஒரு உலாந்தாத் துரையின்மேல் குப்புற விழுந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். மதிலுக்கு அப்பால் போய்க்கொண்டிருந்த கோட்டைச் சிப்பாய், கல்லறைக்குள்ளிருந்து பெண் குரல்கள் சிரிப்பதைக் கேட்டுத் தொப்பி விழுந்ததுகூடத் தெரியாமல் ஓடினான். அவர்களுக்குச் சிரிப்பை அடக்கவே முடியவில்லை. தேவகி ரங்கம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

கல்யாணமாகி வந்து ஒன்றரை வருஷத்தில், அந்தப் பெண்களோடு சேர்ந்து ரங்கம்மாளும் சிரித்தது அன்றைக்குத்தான்.