முந்நூற்றில் நூற்றெண்பது

விசில் ஊதினால் நனையும். என் நோய் இப்படித்தான் ஆரம்பித்தது.

நான் அரியலூர் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. பெயர் வசந்தா, வயது நாற்பத்தெட்டு. ஒருநாள் காலை மாணவிகளை ஓட்டப் பயிற்சிக்கு வரிசையில் நிறுத்திவிட்டு, அடிவயிற்றிலிருந்து காற்றை இழுத்து நீளமாக ஒரு விசில் ஊதினேன். பிள்ளைகள் ஓடினார்கள். நான் அசையாமல் நின்றேன். உள்ளாடை நனைந்திருந்தது.

அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் நான் அடித்த கூத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். கறுப்புப் பேன்ட் தவிர வேறெதுவும் போடுவதில்லை. விசிலுக்குப் பதில் கைதட்டினேன். பள்ளிக்குக் கிளம்பும்முன் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். தும்மல் வந்தால் காலைப் பின்னிக்கொண்டு நின்றேன். இதைப் படிக்கும் உங்களில் எத்தனை பேர் இப்போது காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களோ!

தலைமையாசிரியை நல்ல மனுஷி. ஒருநாள் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “வசந்தா, முடியலன்னா லைப்ரரியப் பாத்துக்குங்களேன். கிரவுண்டுக்கு வேற ஆள் கேட்டு எழுதுறேன்.” நல்லதுக்குத்தான் சொன்னார். எனக்கோ அழுகை வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக வெயிலில் நின்ற காலை எப்படிக் கொண்டுபோய் மேஜைக்கு அடியில் மடக்கி வைப்பது? மைதானத்தை விடக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பெரம்பலூருக்கு பஸ் ஏறினேன்.

டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, “இருமுங்க” என்றார். இருமினேன். “இதுக்கு அழுத்தக் கசிவுன்னு பேரு” என்றார். (இருமும்போதும், தும்மும்போதும், கனம் தூக்கும்போதும் வயிற்றில் ஏறும் அழுத்தத்தைத் தாங்க முடியாமல் சிறுநீர் கசிவது.) முதலில் மூன்று மாதம் இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சி கொடுத்தார். பயிற்சி என்றால் எனக்குச் சொல்லவா வேண்டும்! ஒருநாள்கூட விடவில்லை. பாதி குறைந்தது. மீதிப் பாதிக்குத்தான் ஸ்லிங் அறுவைசிகிச்சை. (சிறுநீர்த் தாரைக்கு அடியில் ஒரு மெல்லிய நாடாவைத் தாங்கலாக வைத்துவிடுவார்கள்.)

அறுவைசிகிச்சை அரை மணி நேரத்தில் முடிந்தது. அதைவிடப் பெரிய விஷயம் மறுநாள் காலையில்தான் இருந்தது. அதை யாரும் வெளியே பேசுவதில்லை என்பதால்தான் இந்தக் கட்டுரையே எழுதுகிறேன்.

நாடா கசிவை நிறுத்திவிடும். ஆனால் போக வேண்டியது போகிறதா என்று பார்த்தாக வேண்டும். கதீட்டர் (சிறுநீரை வடிக்கும் மெல்லிய குழாய்) வழியாகச் சிறுநீர்ப்பையில் முந்நூறு மில்லி உப்புநீரை ஏற்றுவார்கள். பிறகு குழாயை உருவிவிட்டு, “போயிட்டு வாங்க” என்று ஒரு அளவு ஜாடியைக் கொடுப்பார்கள். மூன்றில் இரண்டு பங்கு, அதாவது இருநூறு மில்லி, தானாக வெளியே வந்தால் தேர்ச்சி. வராவிட்டால் குழாயோடு வீட்டுக்குப் போக வேண்டும்.

“டீச்சர், டெஸ்டுக்கு ரெடியா?” என்று கேட்டார் நர்ஸ் ஸ்டெல்லா. ஏலாக்குறிச்சிப் பெண், எப்போதும் சிரித்த முகம்.

“எத்தன டெஸ்ட் வச்சவ நானு. ஜாடியக் குடு சிஸ்டர்” என்றேன். வாய் மட்டும் குறைச்சலில்லை.

ஜாடியில் இருநூற்று அறுபது இருந்தது. ஸ்டெல்லா கைகொடுத்தார். என் வீட்டுக்காரர் ராஜேந்திரன் விதைக்கடை வைத்திருப்பவர். எதையும் இரண்டு தடவை அளக்கிற ஆள். அவரே, “பரவால்லியே, நல்ல மகசூலு” என்றார். மதியத்துக்குள் அரியலூருக்குக் காரில் கிளம்பிவிட்டோம்.

வழியில் ஒவ்வொரு வேகத்தடையிலும் அடிவயிறு சுண்டி இழுத்தது. முன்னால் சுண்ணாம்புக்கல் லாரிகள், முந்தவும் வழியில்லை. தையல் வலி என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து நாலு தடவை பாத்ரூம் போனேன். நாலு தடவையும் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. மூச்சைப் பிடித்து முக்கினேன். அந்தச் சொட்டும் நின்றது. மாலை நாலரைக்கு வயிறு தர்பூசணி மாதிரி உப்பிவிட்டது.

“சும்மாதான், சரியாப் போயிடும்” என்றேன்.

“ஏம்மா, வேர்த்து ஊத்துது ஒனக்கு. கெளம்பு” என்றார் அவர். அவர் அப்படி அதட்டி நான் பார்த்ததில்லை.

திரும்பப் பெரம்பலூருக்கே போனோம். மறுபடி குழாய் போட்டதும் எழுநூற்று ஐம்பது மில்லி வடிந்தது. அந்த நிம்மதியைச் சொல்ல வார்த்தை இல்லை. பிள்ளை பெற்ற வலி நின்ற மாதிரி இருந்தது. ஆனால் பின்னாலேயே பயமும் வந்தது. இனிமேல் குழாயும் பையுமாகத்தானா? பையைக் காலில் கட்டிக்கொண்டு எந்த மைதானத்தில் நிற்பது?

டாக்டரம்மா காலைக் குறிப்பைப் பார்த்தார். “எரநூத்தி அறுபது வந்திருக்கே, அப்புறம் ஏன்?” என்று யோசித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “டீச்சர், ஜாடியில போனீங்கல்ல, முடிச்சதும் என்ன பண்ணீங்க?”

“என்ன பண்ணுவாங்க? கழுவிட்டு வந்தேன்.”

“எங்க?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கழிவறைக் கோப்பையில் உட்கார்ந்தபடி, ஜாடியை அடியில் வைத்தபடி, மக்கில் தண்ணீர் மொண்டு, நாளெல்லாம் செய்கிற மாதிரி கழுவியிருக்கிறேன். கழுவின தண்ணீர் அத்தனையும் ஜாடியில். கழுவாமல் எழுந்து வர நம்மில் யாருக்குக் கை வரும்? ஸ்டெல்லாவுக்கும் அதைச் சொல்லத் தோன்றவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

நீளம் தாண்டுதலில் பையன்கள் பின்னால் விழுந்த கைத்தடத்தை, தாண்டிய தூரம் குறைந்துவிடுமே என்று, நைசாக மண்ணைத் தள்ளி மறைப்பார்கள். அப்படி எத்தனை பேரைப் பிடித்து மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டிருக்கிறேன்! ஊருக்குத்தான் உபதேசம். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன், தையல் வலிக்க வலிக்க.

“பயப்படாதீங்க. சிலருக்கு வீக்கம் வத்த ஒரு வாரம் ஆகும். பெரும்பாலும் தானா சரியாயிடும்” என்றார். “ஆனா ஒண்ணு. முக்கவே கூடாது. நீங்க முக்க முக்க அந்த நாடா இன்னும் கெட்டியாப் பிடிக்கும். பிடிக்கத்தான வச்சிருக்கோம்?”

அந்த ஒரு வாரம் குழாயோடு வீட்டில் இருந்தபோது நிறைய யோசித்தேன். நான் ஒருநாளும் நிதானமாகச் சிறுநீர் கழித்ததில்லை. பள்ளியில் தாழ்ப்பாள் இல்லாத கழிவறை, வெளியில் காத்திருக்கிற வகுப்பு, பஸ் பிடிக்கிற அவசரம். அடக்கி அடக்கி வைத்துவிட்டு, கிடைத்த ஒரு நிமிஷத்தில் முக்கித் தள்ளிவிட்டு ஓடி வருவேன். உடம்பு என் பேச்சைக் கேட்கும் என்று அத்தனை திமிர். இப்போது அது கேட்கவில்லை.

எட்டாம் நாள் மறுபடி பெரம்பலூர் போனோம். முந்நூறு மில்லி ஏற்றினார்கள். ஸ்டெல்லா ஜாடியைக் கொடுத்து, “டீச்சர், கழுவறதுக்கு முன்னாடி ஜாடிய எடுத்துடுங்க, புண்ணியமாப் போகும்!” என்றார். வார்டே சிரித்தது.

உள்ளே உட்கார்ந்தேன். முக்கவில்லை. வாயைத் திறந்து மூச்சை விட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. ‘வா’ என்று கட்டளை போட்டுத்தான் எனக்குப் பழக்கம், காத்திருந்து பழக்கமில்லை. தோளைத் தளர்த்தினேன், தாடையைத் தளர்த்தினேன். எவ்வளவு நேரமோ தெரியவில்லை, மெல்ல ஆரம்பித்தது. அவசரமில்லாமல் வந்தது, அதுவாகவே நின்றது.

ஜாடியை எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். நூற்றெண்பது.

இருபது மில்லி குறைவு. குழாயோடு இன்னொரு வாரம். பக்கத்தில் வாளி நிறையத் தண்ணீர், அதில் மக்கு. இருபது மில்லி என்றால் ஒரு மடக்குகூட இல்லை. ஊற்றினால் ஒருவருக்கும் தெரியாது. மனசு வாளிப் பக்கம் போகவே இல்லை என்று சொன்னால் அது பொய். கை மக்குவரைக்கும் போனது. அப்புறம் அந்தச் சாயந்தரம், வேர்வை, எழுநூற்று ஐம்பது, எல்லாம் நினைவுக்கு வந்தது. அடச்சே, யாரை ஏமாற்றப் போகிறேன்?

“நூத்தியெண்பதுதான் டாக்டர்” என்று ஜாடியை நீட்டினேன். குரல் உடைந்துவிட்டது.

“அழாதீங்க. இன்னும் டெஸ்ட் முடியல” என்றார். “எந்திரிச்சு அந்தக் கோடி வரைக்கும் நடந்துட்டு வந்து, திரும்ப ஒருதடவ ஒக்காருங்க. ரெண்டாவது தடவையும் கணக்குல சேத்தி.”

வராந்தாவில் இரண்டு தடவை போய்வந்தேன். ராஜேந்திரன் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தார். திரும்ப உட்கார்ந்தேன். அறுபது வந்தது. வயிற்றின் மேல் ஸ்கேன் வைத்துப் பார்த்தார்கள். உள்ளே மிச்சம் அறுபதுக்குச் சற்றுக் கூட இருந்தது. அது பரவாயில்லை என்றார் டாக்டரம்மா. அன்று குழாய் இல்லாமல் வீட்டுக்குப் போனேன். அதே லாரிகள், அதே வேகத்தடைகள். கூசாமல் தூங்கிக்கொண்டு வந்தேன்.

உங்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான். கசிவு நின்றதோடு சிகிச்சை முடிந்துவிடாது. எவ்வளவு வருகிறது, எவ்வளவு தங்குகிறது என்று அளக்கும் அந்தச் சோதனையைக் கூச்சப்படாமல் செய்யுங்கள். புரியாததைக் கேளுங்கள். வீட்டுக்குப் போன பிறகு சொட்டுச் சொட்டாக வந்தாலோ வயிறு உப்பினாலோ ‘சும்மாதான்’ என்று சொல்லாதீர்கள்.

டாக்டரம்மா சொன்ன ஓய்வுக் கெடு முடிந்து மைதானத்துக்குப் போனேன். ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். விசிலை எடுத்து, பழையபடி அடிவயிற்றிலிருந்து இழுத்து ஊதினேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்று பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை! சட்டென்று இன்னொரு தடவை ஊதினேன், சும்மா, சந்தோஷத்துக்கு. பிள்ளைகள் குழம்பிப்போய்ப் பாதியில் நின்றார்கள்.

இப்போது என் உடம்பு ஒரு கடிகாரம் வைத்திருக்கிறது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை போகிறேன். உட்கார்ந்தால் முடிகிறவரை உட்கார்ந்திருக்கிறேன். முன்பெல்லாம் பாத்ரூம் போன பெண்கள் இரண்டு நிமிஷத்தில் வராவிட்டால் விசிலடித்துக் கூப்பிடுகிறவள் நான்.

போன வாரம் ஒரு சின்னப் பெண் பயந்து பயந்து வந்து, “டீச்சர், போயிட்டு வரட்டா? சீக்கிரம் வந்துடறேன்” என்றாள்.

“போயிட்டு வா. சீக்கிரமெல்லாம் வேணாம்” என்றேன்.

அவள் பின்னாலேயே இன்னும் நாலு பேர் போனார்கள். தாழ்ப்பாளுக்குத் தலைமையாசிரியையிடம் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துப் போட வைத்தாயிற்று. விசிலைப் பையில் போட்டுக்கொண்டு, கடைசிப் பெண் வருகிறவரைக்கும் வெயிலில் நின்றேன்.