சாமை முளைத்த வண்டி

உளுந்தூர்பேட்டை பேருந்து நிலையத்தில் பேருந்துக்குக் காத்திருந்தபோது சடையனின் அழைப்பு வந்தது. கல்வராயன் மலையில் ஆம்புலன்ஸ் ஓட்டுபவர். "சார், நம்ம கலியபெருமாள் அண்ணன் போயிட்டாருங்க" என்றார். "கதவுக்கு ரப்பர் மாட்டிக்கினு இருந்தாராம். மூச்சு வாங்குதுன்னு ஒக்காந்தவரு அப்டியே சாஞ்சிட்டாருங்க." பேருந்து வந்தது. ஏறாமல் நின்றுகொண்டிருந்தேன்.

கச்சிராயபாளையம் சாலையில் பட்டறை வைத்திருந்த டிங்கர் கலியபெருமாளை அறிந்தவர்கள் கள்ளக்குறிச்சியில் நிறையப் பேர். ஒடுங்கிய கதவை நிமிர்த்த எத்தனையோ பேர் உண்டு. வண்டிக்குள் தண்ணீர் வந்தால் மட்டும் எல்லாரும் அவரிடம்தான் போவோம். தண்ணீரை அவர் 'அவரு' என்றுதான் சொல்வார். "அவரு நனைச்ச எடம் வேற, நுழைஞ்ச எடம் வேறங்க. நாம நுழைஞ்ச எடத்துக்குப் போவணும்."

ஒருமுறை திருநாவலூர் ஆசிரியர் ஒருவர் காரைக் கொண்டுவந்தார். காலடியில் எப்போதும் ஈரம். மழைத் தண்ணீர் என்று நம்பி இரண்டு பட்டறைகளில் கண்ணாடியைக் கழற்றி ஒட்டவைத்திருந்தார். கலியபெருமாள் வண்டியைத் தொடவேயில்லை. "வெயில் காலத்துலதான ஜாஸ்தி?" என்று கேட்டார். ஆசிரியர் யோசித்து, ஆமாம் என்றார். ஏ.சி. தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருந்தது. ஒரு கம்பி, ஒரு ஊதல், அவ்வளவுதான். ஆசிரியர் நம்பாமல் சற்று நேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆனால் நான் சொல்ல வேண்டியது ஆம்புலன்ஸ் விஷயம். ஒரு தொண்டு நிறுவனத்தின் வண்டி அது. ஐப்பசி மழையில், பிரசவ வலியோடு இருந்த ஒரு பெண்ணை அழைத்துவர மலை ஏறும்போது பாதி வழியில் நின்றுவிட்டது. வேறொரு ஜீப் அவரைக் கீழே கொண்டுவந்தது. தாயும் பிள்ளையும் நலம். வண்டியைத் திறந்து பார்த்தால் ஸ்ட்ரெச்சருக்குக் கீழே தண்ணீர் தேங்கி, ஒயரிங் பெட்டி நனைந்திருந்தது. ஓட்டுநர் உள்ளே தண்ணீர் அடித்துக் கழுவியிருப்பார் என்றார் நிறுவன மேலாளர். சித்திரையில்தான் வேலைக்குச் சேர்ந்த சடையனை நிறுத்துவது என்று முடிவாகிவிட்டது. ஓட்டுநரின் கவனக்குறைவு என்று கூறப்படுவதாக எங்கள் நாளிதழில் நான்கு வரிச் செய்தி வந்தது. எழுதியவன் நான். சடையனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சடையன் என்னைத் திட்டவில்லை. பழுது பார்க்கக் கலியபெருமாள் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, போனில் "நீங்களே வந்து பாருங்க சார்" என்று மட்டும் கூப்பிட்டார். போனேன். கலியபெருமாள் வண்டியின் தரை முழுக்கப் பழைய செய்தித்தாள்களை விரித்துக்கொண்டிருந்தார்.

"எங்க பேப்பர்தான் போல?"

"ஆமாங்க. சேதிக்கு வாங்கல. நல்லா ஊறும், அதுக்குத்தான்" என்றவர் நிமிர்ந்து, "சும்மாதான நிக்கறீங்க, அந்தச் சொம்பப் புடிங்க" என்றார்.

அவர் உள்ளே அமர்ந்து கதவுகளைச் சாத்திக்கொண்டார். வெளியிலிருந்து நான் ஊற்ற வேண்டும். நான் கூரையில் ஊற்றப் போனதும் உள்ளிருந்து சத்தம் வந்தது. "கீழேருந்து மேல வாங்க சார்! மேல ஊத்திட்டா எல்லாமே நனையும், ஒண்ணுமே தெரியாது." படிக்கட்டு, கதவின் அடி, கீல், கண்ணாடி ஓரம், வைப்பரின் அடி, கடைசியாகக் கூரை என்று இடத்துக்கு மூன்று சொம்பு ஊற்றினேன். எல்லாத் தாளும் காய்ந்தே இருந்தன. சடையன் முகம் வாடிவிட்டது. வண்டியில் ஒழுகலே இல்லை என்றால், தண்ணீர் விட்டது அவர்தான் என்று ஆகிவிடும்.

கலியபெருமாள் காலை நீட்டி உட்கார்ந்து வண்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "இது நின்னது மலையில. நாம ஊத்தறது சமதரையில. எடுடா வண்டிய" என்றார்.

கோமுகி அணையைத் தாண்டி, ஏற்றத்தில் முகம் மேல்நோக்க வண்டியை நிறுத்தி, பின்சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்தோம். மறுபடியும் தாள், மறுபடியும் சொம்பு. அவர் தாள்களுக்கு நடுவே தகரத்தில் உள்ளங்கையைப் பதித்து, கண்ணை மூடி அமர்ந்திருப்பது கண்ணாடி வழியே தெரிந்தது. வைப்பருக்குக் கீழே உள்ள சல்லடைத் தட்டில் ஊற்றினேன். ஒன்று, இரண்டு, மூன்று.

"நிறுத்துங்க. வந்துட்டாரு."

தாள் நனைவதற்கு முன்பே அந்தக் கைக்குத் தெரிந்துவிட்டது. இன்றைக்கும் அது எனக்கு வியப்புதான்.

வைப்பரைக் கழற்றிச் சல்லடைத் தட்டை எடுத்தார். உள்ளே உமி அடைந்து மெத்தை போலக் கிடந்தது. அதன் மேல் இரண்டு விரல் உயரத்துக்குப் பச்சைப் பயிர், வெளிச்சம் வரும் பக்கம் பார்த்துச் சாய்ந்திருந்தது. தண்ணீர் வெளியேறும் துளையை உமி அடைத்திருந்தது. சமதரையில் அந்தக் குழியிலேயே தேங்கி மெல்லக் கசிந்து போகும் தண்ணீர், வண்டி முகம் தூக்கியதும் பின்பக்கம் வழிந்து, காற்று வரும் துவாரம் வழியாக விரிப்புக்கு அடியில் ஓடியிருக்கிறது.

"சாமை" என்றார் சடையன். மலையில் அறுத்த சாமைக் கதிரைத் தார்ச்சாலையில் பரப்பிவைப்பார்கள். போகிற வண்டிகளின் சக்கரம் பட்டு மணி உதிரும், உமி பறக்கும். "எங்க ஊரு ஆளுங்க போட்டிருந்தாங்கண்ணே. நான்தான் ரெண்டு வாட்டி முன்ன பின்ன ஓட்டிக் குடுத்தேன்."

"ஆம்புலன்ஸுல போரடிச்சியா? அடப்பாவி! அதான் வெள்ளாமை வந்துக்கீது" என்று கலியபெருமாள் வாய்விட்டுச் சிரித்தார். சடையன் சிரிக்கவில்லை. வேலை போனது உறுதி என்று அவர் முகத்தில் தெரிந்தது.

கலியபெருமாள் உமியைக் கலைக்காமல் ஒரு தட்டத்தில் அப்படியே பெயர்த்தெடுத்தார். நேராக மேலாளர் மேசையில் கொண்டுபோய் வைத்தார். சடையன் முந்திக்கொண்டு தான் ஓட்டிக் கொடுத்ததைச் சொன்னார். "அப்ப டிரைவர் தப்புதானே?" என்றார் மேலாளர்.

"கொஞ்சம் இருங்க." ஸ்க்ரூடிரைவரால் உமியைக் குறுக்கே கீறினார் கலியபெருமாள். "மேல இருக்கறது இந்த வருசத்து உமி. இது இவன் கணக்கு. நடுவுல பாருங்க, மக்கிப்போச்சு, போன வருசம். அடியில மண்ணாவே ஆயிட்டுது. அதுக்கும் முந்தி. அப்ப இவன் எங்க இருந்தான்? மலைக்குப் போற வண்டிங்க இது. யாரு ஓட்டனாலும் சாமை மேலதான் ஓட்டணும். ஒரு வலை அடிச்சிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

மேலாளர் தட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக் குனிந்து பார்த்தார். அன்றே சல்லடைக்கு அடியில் கொசுவலைக் கம்பி அடிக்கப்பட்டது. சடையன் வேலையில் தொடர்ந்தார். மறுநாள் என் திருத்தச் செய்தி வந்தது. அடுத்த முறை பார்த்தபோது கலியபெருமாள் அதைக் குறித்து, "கீழேருந்து மேல வந்தீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

எத்தனையோ ஆண்டுகள் செய்தி சேகரித்திருக்கிறேன். முடிவு தெரிந்த இடத்திலிருந்து ஆளைத் தேடுவதுதான் என் பழக்கமாக இருந்தது. தண்ணீர் கிடந்த இடத்தில் சடையன் நின்றார். போதும் என்று எழுதிவிட்டேன். அதன் பிறகு அப்படி எழுதியதில்லை.

கலியபெருமாளை எடுத்த அன்று நல்ல மழை. மலையிலிருந்து ஒரு நோயாளியை மருத்துவமனையில் இறக்கிவிட்டு, வண்டியோடு நேராக வந்திருந்தார் சடையன். எல்லாரும் போன பின், நான் பின்கதவைத் திறந்து ஸ்ட்ரெச்சருக்குக் கீழே விரிப்பைத் தூக்கினேன். கலியபெருமாளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான்: சொல்வதற்கு முன் கையை வைத்துப் பார்ப்பது. தகரத்தில் உள்ளங்கையைப் பதித்தேன். சடையன் மழையில் நனைந்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காய்ந்திருந்தது.