விளிப்பு நேரத்தில் சேராது

லண்டனில் எனக்குக் காப்புறுதி என்றால் அது காருக்குத்தான். உடம்புக்கும் ஒன்று எடுக்க வேண்டும் என்று யோசித்ததேயில்லை; இங்கே வைத்தியம் அரசாங்கச் செலவு. காலை எட்டு மணிக்கு ஜிபி என்கிற குடும்ப டொக்டருக்குப் போன் அடித்து, "வரிசையில் நீங்கள் இருபத்திரண்டாவது ஆள்" என்ற குரலைக் கேட்டபடி தேத்தண்ணியைக் குடித்து முடிப்பதுதான் எனக்குத் தெரிந்த மருத்துவம். அதனால், அமெரிக்காவில் இருக்கும் தங்கச்சி, தன் மாநிலச் சட்டசபைக் குழுவுக்கு முன்னால் மருத்துவக் காப்புறுதி பற்றிப் பேச உரை எழுதித் தரச்சொல்லிக் கேட்டபோது, எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும்.

"அதுக்கென்ன, எழுதினாப் போச்சு" என்றேன்.

அவளுடைய கணவர் கொம்பனி வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகக் கார் திருத்தும் கராஜ் திறந்திருந்தார். வேலையோடு காப்புறுதியும் போய்விட்டது. மனிதர் தினமும் இன்சுலின் போடுகிறவர். இப்படியானவர்கள் திட்டங்களை ஒப்பிட்டுப் பார்த்து வாங்க மத்திய அரசு நடத்தும் இணையச் சந்தை ஒன்று இருக்கிறது. அதை விட்டு, மாநிலமே சொந்தச் சந்தை தொடங்குவதா என்பதுதான் அங்கே வாக்குவாதம். வீண் செலவு என்று ஒரு பக்கம், வேண்டும் என்று இன்னொரு பக்கம்.

"மாநிலமே நடத்தினா, எங்கட ஊர் டொக்டர்மாரைத் தெரிஞ்ச ஒராள் போனை எடுக்கும், அது காணும் அண்ணை" என்றாள் தங்கச்சி. "இவரின்ர டொக்டர் எந்தத் திட்டத்தில இருக்கிறார் எண்டு கண்டுபிடிக்க மூண்டு கிழமை போச்சு. பிழையானதை எடுத்திருந்தா வருசம் முழுக்க அதோடதான். அடுத்த வருசமும் இதே கூத்து."

பொதுமக்கள் வீடியோவில் பேசலாம். ஆளுக்கு இரண்டு நிமிடம்.

நான் லண்டன் நோர்பரியில் தமிழ்ப் பள்ளிப் பேச்சுப் போட்டிகளுக்குப் பன்னிரண்டு வருடமாக நேரம் பார்த்து மணி அடிக்கிறவன். பேச வராதவன் கையில் மணியைக் கொடுப்பது எங்கள் சங்கத்தின் வழக்கம். அந்தத் தகுதியோடு உட்கார்ந்தேன். எழுதியது ஆங்கிலத்தில், முறை மட்டும் நம்முடையது. மாண்புமிகு தலைவருக்கு ஒரு வணக்கம். குழுவின் ஏழு உறுப்பினர்களுக்கும் பெயர் சொல்லித் தனித்தனியாக வணக்கம். வந்திருந்த நிபுணர்களுக்கு, முன்னால் பேசியவர்களுக்கு, வர நினைத்தும் வர முடியாமல் போனவர்களுக்கு.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "இது பேச்சோ, அர்ச்சனையோ?"

ஒத்திகையில் ஒரு நிமிடம் ஐம்பது செக்கன் வந்தது.

"விளிப்பு, அந்த வணக்கமெல்லாம் சேர்த்தோ அண்ணை?" என்று தங்கச்சி கேட்டாள்.

"விளிப்பு நேரத்தில சேராது. அது முடிஞ்ச பிறகுதானே மணிக்காரன் மணிக்கூட்டைப் பாப்பான்?"

"ஓம், அதுவும் சரிதான்" என்றாள். அவளும் அதே மேடைகளில் வளர்ந்தவள்.

கூட்டத்தன்று எங்களுக்கு மாலை ஆறு மணி. சாப்பாட்டு மேசையில் லப்டொப்பை வைத்து நானும் மனைவியும் நேரலை பார்த்தோம். தங்கச்சிக்கு முன்னால் பேசியவர், இன்னொரு அரசாங்க அலுவலகம் எதற்கு என்று கேட்டுவிட்டுச் சரியாக இரண்டு நிமிடத்தில் போய்விட்டார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. வளர்ப்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

தங்கச்சி திரையில் வந்தாள். தெளிவான குரல். நாலாவது உறுப்பினருக்கு வணக்கம் சொல்லும்போது மனைவி கேட்டாள்.

"மூலையில அந்தச் சிவப்பு நம்பர் என்னத்துக்கு இறங்குது?"

வர முடியாதவர்களுக்குத் தங்கச்சி வணக்கம் சொல்லி முடிக்க, தலைவர் பணிவாகச் சொன்னார்: "நன்றி. உங்களுக்கு இன்னும் இருபது செக்கன் இருக்கிறது."

தங்கச்சி கடதாசியைக் கீழே வைத்தாள். "என் கணவர் இன்சுலின் போடுகிறவர். அவருடைய டொக்டர் எந்தத் திட்டத்தில் இருக்கிறார் என்று தேட எனக்கு மூன்று வாரம் ஆனது. கேட்பதற்கு ஓர் ஆள்…" அத்தோடு அவளுடைய மைக்கை நிறுத்திவிட்டார்கள்.

"பன்னிரண்டு வருசம் மணி அடிச்ச ஆள்" என்றாள் மனைவி. லப்டொப்பைப் பார்த்துத்தான் சொன்னாள்.

அப்போது, அதுவரை சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்த உறுப்பினர் ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அந்த மூன்று வாரமும் என்ன நடந்தது?"

கேள்விக்குச் சொல்லும் பதிலுக்கு அங்கே நேரக்கணக்கு இல்லையாம். தங்கச்சி ஆறு நிமிடம் பேசினாள். ஒவ்வொரு கிளினிக்காகப் போன் அடித்தது, பட்டியலில் இருந்த டொக்டர் ஊரை விட்டே போயிருந்தது, மருந்து தீருவதற்குள் முடிக்க வேண்டும் என்று பிரிட்ஜைத் திறந்து திறந்து பார்த்தது. நான் எழுதிய பக்கத்தில் பிரிட்ஜே இல்லை.

மாநிலச் சந்தைக்கான மசோதா குழுவில் ஒரு வாக்கால் தப்பியது. சாண்ட்விச்காரர் ஆதரவாகக் கை தூக்கினார். தங்கச்சியால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்; என்னால் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

அடுத்த நாள் அவள் போன் அடித்தாள். "இனி முழுச் சபைக்குப் போகுது அண்ணை. அதுக்கு முந்தி இன்னொரு கூட்டமாம். நான் பதிஞ்சிட்டன்."

"எழுதித் தரட்டோ?"

"இவர் உங்களோட கதைக்க வேணுமாம்" என்று போனைக் கணவரிடம் கொடுத்துவிட்டாள்.

"மச்சான், கராஜில காருக்குக் கீழ படுத்துக்கொண்டு முழுக்கக் கேட்டனான்" என்றார் அவர். "நீங்கள் எழுதினதில எனக்குப் பிடிச்ச இடம், இவ கடதாசியைக் கீழ வைச்ச இடம்தான்."