காதுக்கு எட்டாத ரீங்காரம்

போன வாரம் ஒரு துணிக்கடை வாசலில், காவலாளியின் இடுப்பில் வாக்கி டாக்கியைப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்தது; சத்தம் இல்லை. அவர் கண்டுகொள்ளவில்லை. எனக்கோ மூக்கில் ஈரக் களிமண் வாடை ஏறிவிட்டது.

இரண்டாயிரத்துக்குப் பிறகான வருடங்கள். பத்தாவது தேறாமல் நாலைந்து ஊர் சுற்றிவிட்டு, விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிக்கு மண் எடுக்கும் ஒரு குழியில் சேர்ந்தேன். ரேடியோ ரிப்பேர் கடையில் கொஞ்ச நாள் குப்பை கொட்டியவன் என்பதால் வாக்கி டாக்கிகள் என் பொறுப்பு.

பக்கத்துக் குழிக்காரர்களும் நாங்களும் ஒரே அலைவரிசை. அவர்கள் பேச்சு நம் காதில் விழாமலிருக்க ஒரு வழி உண்டு. குரலோடு சேர்த்து, காதுக்கு எட்டாத ஒரு தாழ்ந்த ரீங்காரத்தையும் செட் அனுப்பும். அந்த ரீங்காரம் வந்தால்தான் எங்கள் செட்டுகள் வாய் திறக்கும். இல்லையென்றால் விளக்கு மட்டும் எரியும். பக்கத்துக் குழி வம்பளக்கிறது என்று விட்டுவிடுவோம்.

கரையில் வெடிப்பு கண்டால் கீழே நிற்பவர்தான் மேலே லாரியை நிறுத்தச் சொல்லவேண்டும். எங்களுக்கு அது சின்னதுரை அண்ணன். அன்று அவர் செட் பழுது. மாற்று செட்டில் ரீங்காரம் வைத்திருக்கவில்லை. வைக்க ஐந்து நிமிடம் போதும். டீ வந்துவிட்டது, அப்படியே கொடுத்தேன்.

"ஏம்பா, இதுல பாட்டு கீட்டு வருமா?"

"அண்ணி திட்டுறதுதாண்ணே வரும்."

அவர் இறங்கியதும், "கேக்குதாண்ணே?" என்றேன். கையை ஆட்டினார். கண்ணுக்குத் தெரிகிற ஆள் வாயால் பதில் சொல்வது எங்களிடம் வழக்கமில்லை. ரீங்காரம் இல்லாத செட்டில் எல்லோர் பேச்சும் கேட்கும். அதில் பேசுவதுதான் எங்களுக்குக் கேட்காது.

மத்தியானத்துக்கு முன்பு கரைமேல் குழிக்கு முதுகைக் காட்டி நின்று, லாரியைப் பின்னால் வரச் சொல்லிக்கொண்டிருந்தேன். பச்சை எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது. இன்றைக்கு ரொம்பத்தான் பேசுகிறான்கள் என்று நினைத்தேன். கரை சரிந்தது.

அண்ணனின் இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

"கூப்ட்டாராப்பா?" என்று மேஸ்திரி கேட்டார்.

"இல்லீங்க. கூப்புடவே இல்ல."

அன்று சாயங்காலமே அந்தச் செட்டில் ரீங்காரத்தை வைத்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஆஸ்பத்திரியில் அண்ணன், "மூணு தபா கூப்ட்டேன்பா. பதட்டத்துல பட்டன சரியா அமுக்கல போலருக்குது. நீ சாப்ட்டியா?" என்றார்.

"சாப்ட்டேண்ணே." அவ்வளவுதான் சொன்னேன். மறுநாள் ஊரைவிட்டே போய்விட்டேன்.

பல வருடம் கழித்துத் திரும்பினேன். கம்பெனி மூடியிருந்தது. குழி நிறையத் தண்ணீர். வழியில் மாடு ஓட்டி வந்தவரிடம் சின்னதுரை அண்ணனை விசாரித்தேன்.

"அவுரு போய்ச் சேந்து ரெண்டு வருசம் ஆவுதுங்க. பட்டன் அமுக்கத் தெரியாம கால பறிகுடுத்தாரே, அவுருதான?"

"ஆமாங்க, அவருதான்" என்றேன்.