பாதத்தூசி கேட்ட படி

பண்டரிபுரம் கோயிலின் முதல் படியில் பித்தளைத் தகடு மின்னுகிறது. வருகிறவர்களின் பாதத்தூசி தன்மேல் விழவேண்டும் என்று கேட்ட பழைய காலத்துப் பக்தர் ஒருவர் அதன் அடியில் இருக்கிறாராம். ஆனால் எல்லோரும் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் தாண்டிப் போகிறார்கள்.

தாராவியில் தோல் பை தைக்கும் என் மதினி படியில் கால் வைக்கப் போகிறாள்.

“மிதிக்காதீங்க, பாவம்!” என்று பூக்காரர் இந்தியில் தடுக்கிறார்.

மதினியும் இந்தியிலேயே வாதாடிப் பார்க்கிறாள். அவர் மசியவில்லை. என் பக்கம் திரும்புகிறாள்.

“இம்புட்டு தூரம் வந்துட்டு, மனுசன் கேட்டதைக் குடுக்காமப் போவேனா?”

அங்கேயே உட்கார்ந்து, தன் உள்ளங்காலைக் கையால் அழுத்தித் துடைத்து, அந்தக் கையைப் படிமேல் வைக்கிறாள். பித்தளையில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிகின்றன.

பூக்காரர் துணியை எடுக்கிறார். துடைக்கவில்லை.