நாலு கோடு சிக்னல்

எங்கள் சித்தப்பாவைக் கேட்காமல் இலஞ்சியில் எங்கள் சொந்தக்காரர் யாரும் போன் வாங்கியதில்லை. அவர் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கிறார் என்பதே பலருக்கு மறந்துபோயிருந்தது. தென்காசிக்குப் போன் வாங்கக் கிளம்புகிறவர்கள் முதலில் ஜாதகம் காட்ட வந்தவர்கள் போல அவர் முன்னால் உட்காருவார்கள். கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பவரை அவருக்குப் பிடிக்காது. எண்ணைக் கேட்காதே, லென்ஸைக் கேள் என்பார். பின்பக்கம் உறை போட்டால் போனுக்கு மூச்சு முட்டும் என்பார். பேட்டரி இருபதுக்குக் கீழே இறங்கக் கூடாது, எண்பதுக்கு மேலே ஏறக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். இருபதுக்குக் கீழே இறங்கிய போன் அதற்குப் பிறகு தேறாது என்று சொல்லும்போது, சாவு விழுந்த துஷ்டி வீட்டில் பேசுவது போல அவர் குரல் தாழ்ந்துவிடும்.

வீட்டுக் கூடத்தில் ஐந்து ஸ்பீக்கர் வைத்த ஹோம் தியேட்டர் இருந்தது. ஒரு ஸ்பீக்கர் சாமி அலமாரிக்கு மேலே, ஒன்று பீரோவின் தலையில், மற்றவை சுவர் மூலைகளில். ஐந்தின் சத்தமும் ஒழுங்காக வந்து சேரும் இடம் ஒன்றே ஒன்றுதான் என்று அளந்து, அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, அதன் நாலு காலுக்கும் தரையில் சாக்பீஸால் குறி போட்டிருந்தார். படம் ஓடும்போது ஆளுக்குக் கால் மணி நேரம் அதில் உட்காரலாம். அம்மா பெருக்கும்போது நாற்காலி கொஞ்சம் நகர்ந்தாலும் அவர் கண்டுபிடித்துவிடுவார்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம், சாரல் பிடித்த ஆனி மாதத்தில், அத்தையைப் பெண் பார்க்கக் கடையத்திலிருந்து வந்தார்கள். அத்தை என்றால் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே தங்கை. பி.எட். முதல் வருஷம் முடித்திருந்தாள். பையனின் அம்மா கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டே, கல்யாணம் ஆனபிறகு படிப்பு எதற்கு என்று கேட்டார். அப்பா சிரித்து வைத்தார். வீட்டில் போய்ப் பேசிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில், எமகண்டம் பிறப்பதற்குள் போனில் முடிவைத் தெரிவிப்பதாகச் சொல்லிவிட்டு அவர்கள் கிளம்பினார்கள். எந்த எண்ணைக் கொடுப்பது என்ற பேச்சே வீட்டில் எழவில்லை. சித்தப்பாவின் எண்தான்.

அன்று சாயங்காலம் அத்தை கூடத்துக்கு வந்து அப்பாவிடம், "அண்ணே, ஒரு வருஷம் பொறுத்தா..." என்று ஆரம்பித்தாள். அப்போது சித்தப்பா தரையில் குப்புறப் படுத்து ஒரு ஒயரை மாட்டிக்கொண்டிருந்தார். "செத்த இரு, பேஸ் சரியா இருக்கான்னு பாத்துக்கிடுதேன்" என்றார். வீடே அதிரும்படி ஒரு சத்தம் வந்தது. அப்பா தலையாட்டி ரசித்தார். நடு நாற்காலியில் அன்றைக்கு என் முறை. அத்தை கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போனதைப் பார்த்தேன். அடுத்த இரண்டு நாட்களில் இன்னும் இரண்டு தடவை அவள் அப்படி வந்து நின்றாள் என்று நினைவு.

சனிக்கிழமை சித்தப்பா ஒரு பெரிய பிரச்சினையைக் கண்டுபிடித்தார். எங்கள் வீட்டுச் சுவர் தடிமனாம். உள்ளே சிக்னல் ஒரு கோடுதான் வருகிறது, அந்த நேரம் பார்த்து அதுவும் போய்விட்டால் என்ன செய்வது? போனைத் தலைக்கு மேலே பிடித்தபடி கொல்லை, மாடி, தெரு என்று நடந்தார். நானும் பின்னால் நடந்தேன். கடைசியில் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டு வந்து, ஐந்தருவியில் வண்டி நிறுத்தும் இடத்தில் நாலு கோடு முழுசாக வருகிறது என்று அறிவித்தார். அருவியில் தண்ணீரும் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. நல்ல சேதி வருகிற நாளில் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்த மாதிரியும் ஆயிற்று என்று அப்பாவும் ஒத்துக்கொண்டார். சிக்னலைத் தேடிக் குற்றாலம் போன குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

காரில் போகும்போது சித்தப்பா புதிதாக வாங்கிய புளூடூத் ஸ்பீக்கரைக் காட்டினார். டிபன் டப்பா அளவுதான் இருந்தது. போன் வந்ததும் அவர்கள் சம்மதம் சொல்வதை எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஐந்தருவியில் இறங்கியதும் செய்து காட்டினார். ஸ்பீக்கரைக் காருக்குள் வைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார். ஸ்பீக்கருக்குள்ளிருந்து ஒரு பெண் "டிஸ்கனெக்டட்" என்றாள். திரும்பி வந்தார். "கனெக்டட்" என்றாள். "பாத்தியா? கிட்ட வந்தா தானா சேர்ந்துக்கிடும். நாம ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்றார். அத்தையும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

எனக்குக் காதில் சீழ் வைத்திருந்ததால் குளிக்கத் தடை. சித்தப்பாவோடும் போனோடும் நான் காரிலேயே இருப்பது என்று ஏற்பாடு. அம்மாவும் அத்தையும் பெண்கள் பக்கம் போனார்கள், அப்பா ஆண்கள் பக்கம் போனார். பதினொன்றுக்குச் சற்று முன்னால் அப்பா துண்டோடு ஓடிவந்து, கூட்டம் குறைந்திருக்கிறது, வா என்றார். சித்தப்பா அருவியைப் பார்த்தார், போனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பத்தே நிமிசம். போன் அடிச்சா பச்சையை அமுக்கி, சித்தப்பா வாராங்க, லைன்ல இருங்கன்னு சொல்லணும். வேற ஒண்ணும் பேசக் கூடாது. என்னட்டி?"

பக்கத்தில் ரம்புட்டான் கூறு போட்டு விற்றுக்கொண்டிருந்த அக்காவிடம் என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்.

போன் என் மடியில் இருந்தது. அத்தையின் கல்யாணமே என் மடியில் இருப்பது போல இருந்தது. பச்சை எது, சிவப்பு எது என்று பத்துத் தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அப்போதுதான் பேட்டரியைக் கவனித்தேன். வருகிற வழியெல்லாம் வீடியோ காட்டியதில் இருபத்தொன்றுக்கு வந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருபது ஆனது. பிறகு பத்தொன்பது. போன் செத்துப்போனால் அவர்கள் எப்படிக் கூப்பிடுவார்கள்? சார்ஜ் தீரப் போனால் விமானப் படத்தை அமுக்கு என்று சித்தப்பா எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார். அமுக்கினேன்.

ஸ்பீக்கர் "டிஸ்கனெக்டட்" என்றது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விமானம் இருந்தால் போனும் வராதே என்பது அதற்குப் பிறகுதான் புத்திக்கு எட்டியது. திரும்ப அமுக்கினேன். விமானம் போயிற்று. நாலு கோடும் ஒவ்வொன்றாக வந்தன. "கனெக்டட்" என்றாள் ஸ்பீக்கர் பெண். அவளுக்கு ஒரு கும்பிடு போடலாம் போல இருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஈரத்தலையோடு அத்தை மட்டும் வந்தாள். அம்மா இன்னும் குளிக்கிறாளாம். போன் வந்ததா என்று கேட்டாள். இல்லை என்றேன். கையை நீட்டினாள்.

"இங்கன தா. அங்கன சிக்னல் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வாரேன்."

தள்ளி நின்ற ஒரு புங்கமரம் வரைக்கும் போய், எனக்கு முதுகு காட்டி நின்றாள். "டிஸ்கனெக்டட்" என்றது ஸ்பீக்கர். தூரம் போனால் அப்படித்தான் சொல்லும் என்று எனக்குத் தெரியும். அவள் திரும்பி வந்து போனை காரின் முன்பக்கப் பெட்டிக்குள் கவிழ்த்து வைத்து மூடினாள். "தொடாத. சார்ஜ் போயிரும்" என்றாள். பிறகு ரம்புட்டான் ஒரு கூறு வாங்கி எனக்கு உரித்துக் கொடுத்தாள்.

பத்து நிமிடம் என்று போன சித்தப்பா, அருவிக்கடியில் நேரம் மறந்து, பன்னிரண்டு தாண்டிய பிறகு அப்பாவும் அம்மாவும் கூட வர ஓடிவந்தார். பெட்டியைத் திறந்து போனை எடுத்தவர் முகம் மாறிவிட்டது.

"ஏட்டி, பிளேன் மோடுல இருக்கு. யாரு போட்டா?"

நான்தான் எடுத்துவிட்டேனே என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. எடுத்தேனா? பயத்தில் இரண்டு தடவைக்கு மூன்று தடவை அமுக்கியிருந்தால்? நாலு கோடு வந்தது நிஜமா, நான் நினைத்துக்கொண்டதா? எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "நான்தான் போட்டேன். சார்ஜ் கொறஞ்சிட்டு" என்றேன். அம்மா நறுக்கென்று தலையில் ஒரு குட்டு வைத்தாள். அத்தை, "அண்ணே, அது வந்து..." என்றாள். "நீ சும்மா இரு. ஒன்னைய ஒண்ணும் சொல்லல" என்றார் அப்பா.

சித்தப்பா விமானத்தை எடுத்ததும் ஸ்பீக்கர் "கனெக்டட்" என்றது. அழைப்பு வந்து போனதாக மூன்று குறுஞ்செய்திகள் வரிசையாக வந்து விழுந்தன. எமகண்டத்தில் கூப்பிடக் கூடாது. அது முடியும் ஒன்றரை வரைக்கும் காருக்குள்ளேயே காத்திருந்தோம். கண்ணாடியில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. அப்பா என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. நான் மனசுக்குள் இலஞ்சி முருகனுக்கு மொட்டை வரைக்கும் நேர்ந்துகொண்டேன்.

ஒன்றரைக்கு அப்பா கூப்பிட்டார். சித்தப்பா ஸ்பீக்கர் இணைந்திருந்ததை மறந்துவிட்டார். பையனின் அம்மா காருக்குள்ளேயே உட்கார்ந்து பேசுவது போல அத்தனை தெளிவாகக் கேட்டது.

"தப்பா எடுத்துக்கிடாதீங்க தம்பி. சாமி கும்பிட்டுட்டு, சரின்னு சொல்லத்தான் போட்டோம். மூணு தடவை போட்டோம். மூணு தடவையும் ஒரு பொம்பள கெடைக்காது, கெடைக்காதுங்கா. முத சேதிக்கே இப்படித் தடங்கல் வந்தா, எம் மனசு ஒப்பல."

அது கம்பெனிக்காரன் பதிந்து வைத்த குரல் என்று அப்பா எவ்வளவோ எடுத்துச் சொன்னார். யார் குரலாக இருந்தால் என்ன, மூன்று தடவை சொல்லிவிட்டதே என்றார் பையனின் அம்மா. சித்தப்பா வாழ்நாளில் வாங்கிய ஸ்பீக்கர்களில் அதைப்போலத் துல்லியமாக எதுவும் பேசியதில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் டிவி போடவில்லை. நான் நடு நாற்காலியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். ஒரு கல்யாணத்தைக் கெடுத்தவள் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று பயந்தேன். அத்தைக்கு இனிமேல் கல்யாணமே ஆகாது என்றும் பயந்தேன். அத்தை வந்து தரையில் உட்கார்ந்து என் முழங்காலில் கை வைத்தாள்.

"நீ ஒண்ணும் செய்யலட்டி. சத்தியமா நீ செய்யல" என்றாள். அவளும் அழுதாள். என்மேல் அவளுக்கு எவ்வளவு பிரியம் என்று நினைத்து நான் இன்னும் பலமாக அழுதேன்.

அத்தை அடுத்த வருஷம் பி.எட். முடித்தாள். இப்போது மதுரையில் டீச்சராக இருக்கிறாள். அங்கேயே கல்யாணமும் நடந்தது. ஆனாலும் வெகுகாலம் வரை, விசேஷ வீடுகளில் அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் குற்றவாளி போலத்தான் இருக்கும்.

போன மாதம் என் வீட்டுச் சமையலறையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. போனை எடுத்துக்கொண்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். பாட்டு நின்றது. திரும்பி வந்ததும் ஸ்பீக்கர் தானாகவே "கனெக்டட்" என்றது. கையில் துணிக்குவியலோடு அப்படியே நின்றுவிட்டேன்.

அன்றைக்கு அத்தை புங்கமரத்திலிருந்து திரும்பி வந்தபோது ஸ்பீக்கர் ஒன்றுமே சொல்லவில்லை. போன் என் கைக்கெட்டும் தூரத்தில், அந்தப் பெட்டிக்குள் இருந்தது. நாங்கள் ரம்புட்டான் தின்று முடிக்கிற வரைக்கும் அது வாயைத் திறக்கவில்லை. "சத்தியமா நீ செய்யல" என்று அவள் சொன்னதை நான் ஆறுதல் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று தடவை வந்து நின்றும் யாரும் கேட்காததை, நான்காவது தடவையாக அவள் என்னிடம்தான் சொல்லியிருக்கிறாள்.