கணக்கு படிக்காதவர்களின் பட்டியல்

நான் வேலை பார்ப்பது ஒரு பல்கலைக்கழகத்தின் கணினித் துறையில். அட்டெண்டர். பத்தாவது வரை படித்திருக்கிறேன். வில்லியனூர் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறிப் போகிறேன். காலையில் விளக்கேற்றிக் கும்பிடாமல் வாசற்படி தாண்டியதில்லை.

போன வருஷம் ஆடி மாதம் எங்கள் துறைத் தலைவி மேடம் ஒரு புதுப் படிப்புக்கு முயற்சி செய்துகொண்டிருந்தார். பி.எஸ்சி.யில் வேதியியல், தாவரவியல் என்று ஏதாவது அறிவியல் படித்தவர்கள் சேரக்கூடிய மேல்படிப்பு, கணினியில். இரண்டு வருஷம். அதைக் கேட்ட நாள் முதல் எனக்கு என் மகள் ஞாபகம்தான். அவள் விலங்கியல் பட்டம் வாங்கிவிட்டு சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் மாத்திரை அட்டைகளைச் சரிபார்க்கிறாள், ஷிப்ட் வேலை.

"இந்தப் படிப்பு வந்தா சேர ஆள் இருக்காங்கன்னு காட்டணும். உங்க ஊர்ப் பக்கம் கொஞ்சம் கையெழுத்து வாங்கிட்டு வர்றீங்களா?" என்று மேடம் என்னிடம் ஒரு தாள் கொடுத்தார். ஆங்கிலத்தில் கட்டம் கட்டமாக இருந்தது.

கையெழுத்து என்றால் எங்களுக்குத் தெரியாதா? வாய்க்கால் தூர்வாரவும், பஸ் நிற்கவும் எத்தனை மனு கொடுத்திருக்கிறோம். முதலில் கோயில் தர்மகர்த்தா கையெழுத்து, அப்புறம் தெரு முழுக்க. கூடக் கூட பலம். ஆடி வெள்ளிக்கிழமை அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது அண்டா பக்கத்திலேயே நின்று வாங்கிவிட்டேன். தாள் போதாமல் நோட்டில் கோடு போட்டு வாங்கினேன்.

திங்கட்கிழமை மேடம் அதைப் புரட்டிப் பார்த்தார். "என்னம்மா இது, கைநாட்டெல்லாம் இருக்கு?"

"எங்க தெருவுல எல்லாருக்கும் சம்மதம் மேடம். தர்மகர்த்தாதான் மொத கையெழுத்து."

பக்கத்து மேசை கிளார்க் சிரிப்பை அடக்க முடியாமல், "யக்கா, படிப்பு கேட்டியா, தெருவுக்குத் தார்ரோடு கேட்டியா?" என்றார்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மேடம் சிரிக்கவில்லை. சேரப்போகிற பட்டதாரிகள் பெயர் மட்டும்தான் வேண்டும், என்ன படித்தார்கள், இப்போது என்ன செய்கிறார்கள் என்பதும் வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லி வேறு தாள் கொடுத்தார்.

பட்டதாரிகளை எங்கே தேடுவது? மகள்தான் சொன்னாள். "இன்னாம்மா ஊரெல்லாம் சுத்துற? எங்க கம்பெனி பஸ் வந்து நிக்கிற எடத்துல நில்லு. பாதி பேரு பி.எஸ்சி.தான்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஷிப்ட் மாறும் நேரத்தில் போய் நின்றேன். கழுத்தில் அட்டையோடு பிள்ளைகள் இறங்கினார்கள்.

"ஆன்ட்டி, லோன் ஃபாரமா? எங்களுக்கு வேணாம்."

"லோனு இல்லம்மா, படிப்பு. சயின்ஸ் முடிச்சவங்களுக்குக் கம்ப்யூட்டர் படிப்பு."

"நான் கெமிஸ்ட்ரி. இப்ப டப்பாவுக்கு லேபிள் ஒட்டிக்கினு இருக்கேன். போடுங்க என் பேர."

பின்னால் நின்ற பெண் மட்டும் பேனாவை வாங்கவில்லை. "பிளஸ் டூல மேத்ஸ் படிச்சிருக்கணுமா ஆன்ட்டி? நான் படிக்கல." எனக்குத் தெரியவில்லை. அவள் பெயரை எழுதி ஓரத்தில் 'கணக்கு இல்லை' என்று குறித்துக்கொண்டேன். அப்புறம் எல்லாரையும் அதையே கேட்டேன். பாதிப் பேருக்கு மேல் கணக்கு இல்லை.

அன்று சாயந்திரம் மகளிடம் சொன்னபோது, "இதுக்குத்தாம்மா நான் எங்கயும் அப்ளை பண்ணல. நானும் பயாலஜி குரூப்தானே? எல்லாக் காலேஜுலயும் மேத்ஸ் கேக்குறாங்க" என்றாள். அவளுக்குப் படிப்பில் ஆசை விட்டுப்போனது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மேடத்திடம் பட்டியலைக் கொடுத்தேன். ஓரத்தில் இருந்ததைப் படித்துவிட்டு, புதுப் படிப்பின் விதிகளை எழுதிவைத்திருந்த வரைவை எடுத்துப் பார்த்தார். "ஆமா, கணக்கு கட்டாயம்னுதான் போட்டிருக்கோம். கணக்கு இல்லாம வந்தா முதல் செமஸ்டர்லயே திணறுவாங்களேம்மா."

அதைத் தளர்த்த முடியுமா என்று கேட்க நினைத்தேன், மகள் விஷயத்தை மறைத்துவைத்துக் கேட்க மனசு வரவில்லை. "இதுல என் பொண்ணும் ஒருத்தி மேடம்."

அவர் என்னையே பார்த்தார். "உங்க பொண்ணுக்காக மாத்தினேன்னு நாளைக்குப் பேச்சு வரும்."

"அவ பேர அடிச்சிடுங்க மேடம். மத்த புள்ளைங்க பேரு இருக்குதில்ல."

அவரே பேனாவால் அடித்தார். அன்று வரும் வழியில் கோயிலில் நின்றேன். என் பிள்ளைக்கு மட்டும் கேட்டால் தாயே முகம் திருப்பிக்கொள்வாள் என்று பட்டது. அந்தப் பட்டியலில் இருந்தவர்கள் எல்லாருக்கும் சேர்த்தே கேட்டேன்.

புதுப் படிப்புக்குச் சம்மதம் தரும் குழு கூடிய நாளில் டீ கொண்டுபோய் வைத்தவள் நான். வரைவில் மேடம் ஒன்று சேர்த்திருந்தார். கணக்கு படிக்காதவர்களுக்கு வகுப்பு தொடங்கும் முன் ஆறு வாரம் தனியாகக் கணக்கு. அதில் தேறினால்தான் தொடரலாம். குழுவுக்கு வெளியூர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பெரியவர், "ஆறு வாரத்துல கணக்கு வந்துடுமா மேடம்?" என்று கேட்டார்.

"எட்டு மணி நேரம் நின்னு வேலை செஞ்சிட்டு வந்து படிக்கிறோம்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க சார். ஒரு வருஷம் பார்க்கலாம்" என்றார் மேடம்.

டம்ளர்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். படிப்புக்குச் சம்மதம் கிடைத்தது என்று கிளார்க்தான் சொன்னார், இந்த முறை கேலி இல்லாமல்.

இந்த வருஷம் நுழைவுத் தேர்வு நடந்தது. அந்தப் பழைய பட்டியலில் பெயர் இல்லாதவர்களும் எழுதலாம் என்பதால் மகளும் எழுதினாள். மேடத்திடம் அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை, அவரும் கேட்கவில்லை. தேர்வானவர்கள் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது என் வேலை. பசை தடவும்போது பார்க்கக் கூடாது என்று கண்ணைத் திருப்பிக்கொண்டே ஒட்டினேன். ஒட்டிய பிறகு படித்தேன். கடைசியிலிருந்து ஏழாவது பெயர் அவளுடையது.

கம்பெனிக்குள் போன் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். அவள் வீடு வந்து சேரும் வரை வாயை மூடிக்கொண்டு இருந்தேன். படியேறும்போதே, "இருக்குதாம்மா?" என்றாள்.

"இருக்குது."

அவள் கழுத்து அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள். "ஆறு வாரத்துல அந்தக் கணக்குல தேறணுமே" என்றாள். பிறகு கை கால் கழுவிக்கொண்டு வந்து, பக்கத்து வீட்டுப் பெண்ணின் பதினோராம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை வாங்கிவரக் கிளம்பினாள்.